கொட்டகைக்குள் எட்டிப் பார்த்தால் கணேசன் தெரிகிறார்

ராத்திரி ஒன்பதரை மணி. திரௌபதி அம்மன் கோயில் திடலில் பாய் விரித்து இடம் பிடித்தாகிவிட்டது. சுண்டல்காரர் கடை போட்டுவிட்டார். பிள்ளைகள் முன்வரிசையில் மல்லுக்கட்டுகிறார்கள். ஊரே கூத்தாடும் களரியைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறது. நீங்கள் அங்கே உட்காராதீர்கள்! பின்பக்கம் வாருங்கள், அந்தக் கீற்றுத் தடுப்புக்குப் பின்னால். உண்மையான கூத்து அங்கே ஏற்கெனவே ஆரம்பித்துவிட்டது.

கச்சிராயபாளையத்தைத் தாண்டி கோமுகி அணைப் பக்கம் போனால் கல்வராயன் மலை சுவராக நிற்கும். அதன் அடிவாரத்திலிருந்து சின்னசேலம், சங்கராபுரம், திருக்கோவிலூர், உளுந்தூர்பேட்டை வரைக்கும் விரிந்து கிடக்கும் ஊர்களில், பங்குனி பிறந்தால் ஆடி முடியும்வரை எங்காவது ஒரு திடலில் மத்தளம் அதிர்ந்துகொண்டே இருக்கும். தெருக்கூத்து! நடிப்புப் பைத்தியம் பிடித்த எவருக்கும் இதைவிட நல்ல ஒப்பனை அறை உலகத்தில் கிடையாது என்று நான் அடித்துச் சொல்வேன்.

உள்ளே தகரப் பெட்டிகள் திறந்து கிடக்கின்றன. தரையில் பாய், பாயைச் சுற்றி ஆட்கள், ஒவ்வொருவர் கையிலும் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கண்ணாடி. முத்துவெள்ளையைத் தேங்காயெண்ணெயில் குழைக்கும் வாசனை மூக்கைத் துளைக்கிறது. ஒருவர் அரிதாரம் பூசுகிறார், இன்னொருவர் ஈர்க்குச்சியால் தன் புருவத்துக்கு மேல் புள்ளி வைக்கிறார். கை நடுங்கவே இல்லை! முகத்தின் நிறத்தைப் பார்த்தே பழகியவர்கள் ஆளைச் சொல்லிவிடுவார்கள்: பச்சை ஏறினால் கிருஷ்ணன், அடர்சிவப்பு ஏறினால் கௌரவர் பக்கம். பகலெல்லாம் கரும்பு வெட்டிய கை, செங்கல் சூளையில் நின்ற கால், ஒரு மணி நேரத்தில் அஸ்தினாபுரத்து அரசனுக்குச் சொந்தமாகிவிடுகிறது.

அடுத்து கட்டை. இதைப் பார்க்கத்தான் நான் உங்களை இங்கே இழுத்து வந்தேன். கிரீடம், தோளுக்குப் புஜம், நெஞ்சுக்கு மார்ப்பதக்கம். எல்லாமே கல்யாண முருங்கை போன்ற கனமில்லாத மரத்தில் செதுக்கி, கண்ணாடித் துண்டும் மினுக்குத் தாளும் ஒட்டியவை. மரச்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு வாங்கிய கள்ளக்குறிச்சிச் சீமையில், மரம் மனிதன் உடம்பின்மேல் ஏறி ஆடும் இடம் இதுதான். “இன்னும் இழுத்துக் கட்டு மாமா!” என்று ராஜவேஷக்காரர் பல்லைக் கடிக்கிறார். மாமா காலை முட்டுக்கொடுத்து கயிற்றை இழுக்கிறார். தளர்ந்தால் கிறிக்கி அடித்துச் சுழலும்போது புஜம் பறந்துவிடும். இறுகினால் விடியும்வரை மூச்சு முட்டும். உடுப்புக்கு உள்ளே பழைய துணிகளைச் சுற்றிச் சுற்றி இடுப்பை அகலமாக்குகிறார்கள். கடைசியாகச் சலங்கை. அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாமல் ஒருவரும் கட்டுவதில்லை.

இந்தக் கொட்டகையில் நிற்கும்போதெல்லாம் எனக்கு ஒரே ஒரு ஆளின் நினைப்புதான். விழுப்புரம் சின்னையா கணேசன். சிவாஜி!

ஏன் அவர் என்று கேட்பீர்கள். கணக்கு எளிது. கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது 2019 நவம்பரில்தான். அதுவரை இது விழுப்புரம் மாவட்டம். 1993க்கு முன்னால் எல்லாமே ஒரே தென்னாற்காடு. 1928 அக்டோபர் 1ஆம் தேதி பிறந்த அந்தப் பிள்ளை தன் பேருக்கு முன்னால் ‘வி’ என்று சுமந்தது இந்த மண்ணின் ஊரைத்தான். மலைக்கு அந்தப் பக்கம் இறங்கினால் சேலம். டி.ஆர். சுந்தரத்தின் மாடர்ன் தியேட்டர்ஸ் ஸ்டுடியோ இருந்த சேலம். 1953இல் ‘திரும்பிப்பார்’ படத்தில், நாயகனாக இருந்தும் துளிக்கூட நல்லவனாக இல்லாத ஒரு வேஷத்தைச் சிவாஜி போட்டது அந்தக் கம்பெனிக்கு. 1957 ஆகஸ்ட் 28ஆம் தேதி ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ நாடகம் முதன்முதலில் மேடையேறியதும் அதே சேலத்தில். கல்வராயன் மலைக்குக் கிழக்கே பிறப்பு, மேற்கே கட்டபொம்மன். இந்தப் பூகோளத்தைக் கண்டுகொண்ட நாளிலிருந்து எனக்கு மலையைப் பார்க்கும் பார்வையே மாறிவிட்டது.

சரி, திரும்பக் கொட்டகைக்கு வாருங்கள். மூலையில் ஒரு இளைஞன் புடவை கட்டிக்கொண்டிருக்கிறான், பாருங்கள். இன்றைக்கு அவன்தான் கர்ணன் மனைவி பொன்னுருவி. கூத்தில் வழிவழியாகப் பெண் வேஷம் ஆண்களுடையது. கொசுவம் மடிக்கும் வேகத்தைப் பார்த்தால் வீட்டில் இருக்கும் நாலு பெண்களும் தோற்றுப்போவார்கள். ஒப்பனை முடிந்து அவன் எழுந்து நடக்கும் முதல் அடியில் தோள் சற்று இறங்குகிறது, கழுத்து நீள்கிறது, குரல் மாறிவிடுகிறது. கொட்டகையில் இருப்பவர்களே ஒதுங்கி வழிவிடுகிறார்கள்!

சிவாஜி ஆரம்பித்ததும் இங்கேதான். பெண் வேஷத்தில்! தந்தை சின்னையா மன்றாயர் ரயில்வேயில் வேலை பார்த்தவர், சுதந்திரப் போராட்டத்தில் சிறை சென்றவர். குடும்பம் திருச்சி சங்கிலியாண்டபுரத்துக்குப் போனது. சின்ன வயதில் பார்த்த கட்டபொம்மன் கூத்துதான் தனக்குள் நடிப்பு ஆசையை மூட்டியது என்று பிற்காலத்தில் அவரே சொல்லியிருக்கிறார். கூத்து! வேறெதுவும் இல்லை, கூத்து! யதார்த்தம் பொன்னுசாமிப் பிள்ளையின் நாடகக் கம்பெனி ஊருக்கு வந்தபோது, தனக்கு யாருமில்லை, அநாதை என்று சொல்லிக்கொண்டு அதில் சேர்ந்துவிட்டார் பையன். வீட்டில் தாய் ராஜாமணி அம்மாள் இருக்கிறார், இங்கே பிள்ளை அநாதை! அந்தப் பாய்ஸ் கம்பெனியில் கிடைத்த முதல் பெரிய வேஷம் சீதை. பிறகு பரதன், சூர்ப்பணகை, இந்திரஜித். ஒரே ராமாயணத்துக்குள் நல்லவள், நல்லவன், அரக்கி, அரக்கன் என்று நாலு திசையும் பார்த்துவிட்டார். அவரோடு அதே பேட்டையிலிருந்து வந்த சிநேகிதர்தான் காகா ராதாகிருஷ்ணன்.

‘நவராத்திரி’யில் ஒன்பது பேராக வந்தாரே, அந்தத் துணிச்சல் எங்கிருந்து வந்தது என்று யோசித்திருக்கிறீர்களா? சீதைக்கும் இந்திரஜித்துக்கும் குரல் கொடுத்த பையனுக்கு ஒன்பது பெரிதா என்ன!

கேளுங்கள், முகவீணை கூவத் தொடங்கிவிட்டது. களரி கட்டுகிறார்கள். ஆர்மோனியப் பெட்டி, மத்தளம், தாளம், முகவீணை நான்கும் சேர்ந்து வேகம் பிடிக்கும்போது முதுகுத்தண்டில் எறும்பு ஊரும். வாத்தியார் கண்ணை மூடிக்கொண்டு பிள்ளையார் பாட்டு எடுக்கிறார். கூத்துக் குழுவான ஜமாவின் தலைவர் அவர்தான். எட்டு ராத்திரிக்கான கூத்தும் அவர் மண்டைக்குள் இருக்கிறது. ஏடு பெட்டியில் இருந்தாலும் அதைத் திறந்து நான் பார்த்ததில்லை. கட்டியங்காரன் ஏற்கெனவே வெளியே போய் முன்வரிசைப் பிள்ளைகளைச் சிரிக்க வைத்துக்கொண்டிருக்கிறான். ராஜாவை நக்கலடிக்கவும் ஊர்ப் பெரிய மனிதரை நக்கலடிக்கவும் அந்த ஒருவனுக்கு மட்டும் இரவு முழுக்க உரிமை உண்டு. நடுவில் எந்த வேஷக்காரருக்காவது வரத் தாமதமானால், இழுத்துப் பிடித்து நேரத்தை ஓட்டுவதும் அவனே. கூத்தின் முதுகெலும்பு கட்டியங்காரன் என்பது என் தீர்மானமான கட்சி.

இப்போது வரப்போவதுதான் உச்சம். இரண்டு பேர் ஒரு துணித் திரையை இழுத்துப் பிடிக்கிறார்கள். துரியோதனன் அதற்குப் பின்னால் போய் நிற்கிறான். நாம் பின்பக்கம் இருப்பதால் முழு ஆளும் நமக்குத் தெரிகிறது. சனத்துக்கு ஒன்றும் தெரியாது. சலங்கைச் சத்தம் மட்டும் போகிறது. திரைக்குப் பின்னாலிருந்து தன்னைப் பற்றித் தானே படர்க்கையில் பாடுகிறான், இன்னார் வருகிறார் என்று. திரை கொஞ்சம் இறங்குகிறது. கிரீடத்தின் நுனி. மறுபடி ஏறுகிறது. ஒரு கை திரையின் விளிம்பைப் பிடிக்கிறது. பிறகு கண்கள் மட்டும். உடனே மறைவு. எதிரே கூட்டம் எக்கி எக்கிப் பார்க்கிறது. கடைசியில் திரையை உதறித் தள்ளிவிட்டு அவன் பாய்ந்து வெளியேறிக் கிறிக்கி அடிக்கும்போது, ஐயோ, அந்தக் கண்ணாடித் துண்டுகள் எல்லாம் ஒரே நேரத்தில் வெளிச்சத்தை அள்ளி வீசுகின்றன!

நட்சத்திர நடிகர்களுக்குக் காலில் ஆரம்பித்து முகத்தில் முடிக்கும் அறிமுகக் காட்சியை இன்று தியேட்டரில் பார்த்து விசிலடிக்கிறோம். அதைக் கூத்து எத்தனையோ தலைமுறையாகச் செய்துகொண்டிருக்கிறது.

சிவாஜியின் நடிப்பு மிகை என்று சொல்பவர்களை நான் இந்த இடத்துக்கு ஒரு முறை அழைத்து வர வேண்டும் என்று ஏங்குகிறேன். மைக்கே இல்லாத காலத்தில், தீப்பந்த வெளிச்சத்தில், ஆயிரம் பேருக்கு நடுவில் ஒரு மனிதன் அழுதால் அந்த அழுகை கடைசிப் பாயில் படுத்திருக்கும் கிழவிக்கும் போய்ச்சேர வேண்டும். அதற்காகப் பிறந்த அளவு இது. புருவம் ஒரு விரல்கடை உயர வேண்டும், குரல் நெஞ்சிலிருந்து எழ வேண்டும், நடையிலேயே குலம் தெரிய வேண்டும். அந்த அளவைக் கற்றுக்கொண்ட ஒருவர் கேமரா முன்னால் வந்து நின்றார். நமக்குப் பழகிய திரைப்பட அளவுகோலை வைத்து அவரை அளப்பது அநியாயம். அந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால்கூட, ‘வியட்நாம் வீடு’ பிரெஸ்டீஜ் பத்மநாபன் நாற்காலியில் உட்காரும் விதத்திலும் ‘முதல் மரியாதை’ பெரியவர் சும்மா நிற்கும் விதத்திலும் எத்தனை அடக்கம்! பெரிதாகச் செய்யத் தெரிந்தவருக்குத்தான் எதைக் குறைக்க வேண்டும் என்பதும் தெரியும்.

பின்கட்டுக் கதைகள் வேண்டுமா? இதோ. 1940களின் நடுவில் அண்ணா எழுதிய ‘சிவாஜி கண்ட இந்து ராஜ்யம்’ நாடகத்தில் சிவாஜி வேஷம் எம்.ஜி.ஆருக்கு என்று இருந்தது. அவர் நடிக்க முடியாமல் போனது. மேடை தயார், நாள் குறித்தாகிவிட்டது, நாயகன் இல்லை. ஒல்லியாக ஒரு பையன் கிடுகிடுவென்று பக்கம் பக்கமான வசனத்தை மனப்பாடம் செய்து ஒப்பித்துக் காட்டினான். நாடகம் பார்த்த பெரியார் ‘சிவாஜி’ என்றே அவனைக் கூப்பிட்டார். பட்டம் பெயராக ஒட்டிக்கொண்டது.

அப்புறம் ‘பராசக்தி’. ஏவி.எம். ஸ்டுடியோவில் அவர் கேமரா முன் சொன்ன முதல் சொல் ‘சக்சஸ்’. அந்த இடத்தில் இன்று நினைவுச் சின்னம் நிற்கிறது. ஆனால் பயல் இத்தனை ஒல்லியாக இருக்கிறானே, வேறு ஆளைப் போடலாமா என்று ஸ்டுடியோவுக்குள் பேச்சு ஓடியதும் நடந்ததுதான்! தயாரிப்பாளர் பி.ஏ. பெருமாள் முதலியார் அசையவில்லை. கணேசன்தான், முடிந்தது. 1952 அக்டோபர் 17, தீபாவளியன்று படம் வெளியானது. அந்த நன்றியை மறக்காமல் பொங்கல்தோறும் வேலூருக்குப் போய் பெருமாள் முதலியாரைப் பார்த்து வணங்கி வருவதைச் சிவாஜி கடைசிவரை வழக்கமாக வைத்திருந்தார். கொட்டகையில் சலங்கையைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் அதே மனசு.

சக்தி டி.கே. கிருஷ்ணசாமி எழுதிய கட்டபொம்மன் நாடகம் நூறு தடவைக்கு மேல் மேடையேறியது. பி.ஆர். பந்துலு 1959இல் அதைப் படமாக்கினார். ஜாக்சன் துரையாக வந்த சி.ஆர். பார்த்திபனும் கட்டபொம்மனும் நேருக்கு நேர் நிற்கும் கட்டத்தை இன்று கேட்டாலும் பள்ளிப் பிள்ளைகள் மூச்சுவிடாமல் சொல்லிக் காட்டுவார்கள். 1960இல் கெய்ரோவில் நடந்த ஆசிய ஆப்பிரிக்கப் படவிழாவில் சிறந்த நடிகர் விருது! சிறுவயதில் பார்த்த ஒரு கூத்து, நாடகமாகி, படமாகி, நைல் நதிக்கரை வரைக்கும் போய் வந்துவிட்டது. 1962இல் அமெரிக்கா அழைத்தது. நயாகரா நகரத்தில் ஒருநாள் மேயராக மரியாதை செய்தார்கள். 1995இல் பிரான்ஸின் செவாலியே, அடுத்து தாதாசாகேப் பால்கே. எல்லாம் சரி. எனக்கு இவற்றையெல்லாம்விடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது.

அது ‘நவராத்திரி’யில் வரும் கூத்து. 1964 தீபாவளிக்கு வந்த அவருடைய 100ஆவது படம். இயக்கிய ஏ.பி. நாகராஜனும் பாய்ஸ் கம்பெனியில் பெண் வேஷம் போட்டு வளர்ந்தவர்தான். ஒன்பது வேஷத்தில் ஒன்று சத்தியவான் சிங்காரம் என்ற கூத்தாடி. வீட்டைவிட்டு ஓடிவந்த சாவித்திரி அந்த ஜமாவோடு சேர்ந்து களரியில் ஏறுகிறார். நூறாவது படம், எந்த ராஜாவாகவும் வந்திருக்கலாம். அந்தப் படத்துக்குள் ஒரு கூத்தாடிக்கு இடம் கொடுத்தார்களே! இரண்டு நாடகக் கொட்டகைப் பிள்ளைகள் பெரிய திரையைப் பிடித்துவைத்து, தாங்கள் வந்த இடத்துக்குச் செலுத்திய மொய் அது. குதிப்பு, கழுத்து வெட்டு, பாட்டை இழுத்து வசனத்தில் வெட்டுவது, எல்லாம் அச்சு அசல். எங்கள் பக்கத்துக் கூத்துக்காரர்கள் அந்தக் காட்சியைப் பற்றிப் பேசினால் குரலில் பெருமை வழியும்.

அதே ஆண்டு பொங்கலுக்கு ‘கர்ணன்’. இங்கே கூத்துக்கும் சினிமாவுக்கும் ஒரு ருசியான வித்தியாசம் உண்டு. படத்தில் கர்ணன் மனைவி சுபாங்கி, தேவிகா நடித்தது. கணவனே கண்கண்ட தெய்வம் என்று நிற்பவள். ‘கர்ண மோட்சம்’ கூத்தில் அவள் பொன்னுருவி. பொன்னுருவி வேறு ரகம்! தேரோட்டி வளர்த்தவன், பிறப்புத் தெரியாதவன் என்று கணவனை ஏறெடுத்தும் பார்க்காதவள். பதினேழாம் நாள் போருக்குப் புறப்படும் கர்ணன் அவளிடம் விடைபெற வருகிறான். அவள் கதவைத் திறக்க மாட்டாள். ஏளனம் செய்கிறாள். அவன் தன் பிறப்பைச் சொல்கிறான். அவள் உடைந்துபோகிறாள். இரண்டு ஆண்கள், ஒருவர் ராஜவேஷம், ஒருவர் புடவை, ஒரு மணி நேரத்துக்கு மேல் வெறும் பாட்டாலும் வசனத்தாலும் ஒரு தாம்பத்தியத்தை நம் கண்முன்னால் கிழித்துத் தைத்துக் காட்டுகிறார்கள். இடையில் கட்டியங்காரன் மொய் வந்ததைப் பெயர் சொல்லி அறிவிக்கிறான். சனம் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரிக்கிறது. மறுபடி அழுகிறது.

கொட்டகையில் நின்று பார்த்தால் இன்னொன்றும் தெரியும். பொன்னுருவியாக அழுதுவிட்டு உள்ளே வரும் அந்த இளைஞன் நேராகத் தண்ணீர்ப் பானைக்குப் போகமாட்டான். கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்து நிற்பான். யாரும் அவனிடம் பேசமாட்டார்கள். பிறகு டீ வரும்.

பெண் வேஷக்காரர்களின் அந்த உள்மனசை வைத்து 2024இல் ‘ஜமா’ என்றே ஒரு படம் வந்தது. பாரி இளவழகன் இயக்கி, நாயகனாகவும் நடித்தார். இளையராஜா இசை. தெருக்கூத்து ஜமாவில் திரௌபதியும் குந்தியுமாக வாழும் ஒருவன், அர்ச்சுனன் வேஷத்துக்கு ஏங்குகிற கதை. பெரிய கம்பெனிக்காரர்கள் யாரும் இவ்வளவு காலம் திரும்பிப் பார்க்காத கொட்டகையை அந்தப் படம் திறந்துகாட்டியது. எனக்கு அதில் பிடித்ததே ஒப்பனை கலைக்கும் காட்சிகள்தான்.

நடிப்பைத் தேடிச் சென்னையிலிருந்தே இந்தக் கலையின் வாசலுக்கு வந்தவர்களும் உண்டு. புரிசையில் கண்ணப்பத் தம்பிரான் குடும்பத்தின் கூத்தில் மனதைப் பறிகொடுத்த ந. முத்துசாமி 1977இல் கூத்துப்பட்டறையைத் தொடங்கினார். பசுபதி, கலைராணி, குரு சோமசுந்தரம் எல்லோரும் அந்தப் பட்டறை வார்த்தவர்கள். விஜய் சேதுபதி அங்கே கணக்கு எழுத வந்தவர்! கணக்குப் புத்தகத்துக்கு மேலே தலையைத் தூக்கி ஒத்திகை பார்த்தவருக்கு என்ன ஆயிற்று என்று ஊருக்கே தெரியும்.

நம் மாவட்டத்தில் கூத்து மேடையோடு நிற்பதும் இல்லை. அர்ச்சுனன் தபசு அன்றைக்கு உயரமான மரத்தில் படிப்படியாகப் பாடிக்கொண்டே ஏறும் நடிகர், மேலிருந்து எலுமிச்சம்பழமும் விபூதியும் வீசுவார். பிள்ளை வரம் கேட்கும் பெண்கள் முந்தானை ஏந்திக் கீழே நிற்பார்கள். அந்த நேரத்தில் அவர் நடிகரா, தெய்வமா? படுகளத்தன்று களிமண்ணில் மலைபோலப் படுத்திருக்கும் துரியோதனன் மேலேயே கூத்து நடக்கும். உளுந்தூர்பேட்டை வட்டத்துக் கூவாகத்தில் சித்திரையில் கூத்தாண்டவருக்குத் திருவிழா. களபலியாகப் போகும் அரவான்தான் கூத்தாண்டவர். அவனுக்காக, நாடெங்கிலுமிருந்து வரும் திருநங்கையர் தாலி கட்டிக்கொள்கிறார்கள், மறுநாள் அறுத்து அழுகிறார்கள். கதையை அவ்வளவு நெருக்கமாக உடம்பில் வாங்கிக்கொள்ளும் பூமி இது. இங்கிருந்து ஒரு பெரு நடிகர் வந்ததில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

ஆசை வந்துவிட்டதா? அப்படியானால் கேளுங்கள். கூத்து நோட்டீஸ் டீக்கடைச் சுவரில் ஒட்டியிருக்கும். எந்த ஜமா, எந்த ராத்திரிக்கு எந்தக் கதை என்று போட்டிருப்பார்கள். எட்டு மணிக்கே போய்விடுங்கள். வாத்தியாரைப் பார்த்து வணக்கம் சொல்லி, “அண்ணே, ஓரமா நின்னு பாத்துக்கட்டுமா?” என்று கேளுங்கள். பெரும்பாலும் பாயே போட்டுக்கொடுப்பார்கள். வேஷம் கட்டும்போது முகத்துக்கு நேரே செல்போனை நீட்டாதீர்கள். மொய்க்குச் சில்லறை வைத்திருங்கள். மலைக்காற்று இறங்கினால் குளிரும், துண்டு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். கர்ண மோட்சம் என்று நோட்டீஸில் கண்டால் எந்த வேலை இருந்தாலும் ஒதுக்கிவிட்டுப் போய்விடுங்கள். பொன்னுருவி கதவைச் சாத்தும் கட்டம் நடுச்சாமத்துக்கு மேல்தான் வரும். அதுவரைக்கும் தூங்கிவிடாதீர்கள்!